பெயர்ப்பட்டியலில் யார்? வலிகாமத்து உயர்தர அணி ஒன்றின் நினைவுமலர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பாடசாலை நூலகத்தின் நீள மேசையைச் சுற்றிப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். உயர்தரப் பெறுபேறு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் தரம் 13 பரீட்சையின் பெறுபேறு, வந்து ஒரு மாதம் கடந்திருந்தது. பல்கலைக்கழகம் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னர் ஒரு மதியபோசன ஒன்றுகூடல், கூடவே ஒரு நினைவுமலர் என்பது திட்டம். மலர்க் குழுவின் செயலாளர் தன் மடிகணினியைத் திருப்பி முதற் பக்கத்தைக் காட்டினார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகளோடு தரம் 6 பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக நிற்கிறார்கள். படத்தின் கீழே ‘2014 – 2023: எங்கள் பயணம்’ என்று போட்டிருந்தது. எல்லோரும் குனிந்து தங்கள் முகத்தைத் தேடினார்கள். ஒருவர் காதை இன்னொருவர் காட்டிச் சிரித்தார்கள். கடைசிக் கதிரையில் இருந்த மாணவி மட்டும் குனியவில்லை.

“சேர், நான் 2020இல்தான் இங்கே வந்தேன். இந்தப் பயணத்தில் நான் எந்த இடத்தில் ஏறினேன்?”

சிரிப்பு நின்றது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில், காங்கேசன்துறைப் புகையிரதப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலை. எல்லாப் பிரிவுகளிலும் உயர்தரம் வரை வகுப்புகள் உள்ள 1 ஏபி தரம். அவ்வளவு போதும். 2019இல் இந்த அணியின் தரம் 11 பிரிவு ஒன்றுக்கும், பின்னர் உயர்தர வணிகப் பிரிவுக்கும் நான் வகுப்பாசிரியராக இருந்தேன். ஆகவே ஒதுங்கி நின்று பார்த்தவனின் எழுத்து இது அல்ல. இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு மலரின் பெயர்ப்பட்டியலுக்கு இவ்வளவு ஆய்வா என்று வெளியூரார் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் ஊரைக் கேட்போம், பாடசாலையைக் கேட்போம், மூன்றாவதாக ‘எந்தப் பட்ச்?’, அதாவது எந்த ஆண்டுக் கூட்டத்தோடு படித்தவர் என்று கேட்போம். அச்சில் அதை அணி என்று எழுதுகிறோம். பாடசாலைக்குச் சுற்றுமதில் கட்டுவது, நூற்றாண்டு விழாவுக்கு மேடை போடுவது, சகபாடி ஒருவரின் சிறுநீரகச் சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்ப்பது எல்லாம் அணி அணியாகத்தான் நடக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் காசு கேட்பதும் அணியின் பெயரைச் சொல்லித்தான். செத்தவீட்டு மலர்வளையத்திலும் அணியின் ஆண்டு இருக்கும். இவ்வளவு பாரம் சுமக்கிற ஒன்றுக்கு உறுப்புரிமை விதி என்று எங்கும் எழுதி வைத்ததில்லை. பத்தொன்பது வயதில் மூன்று பேர் அவசரத்தில் தயாரிக்கிற பட்டியல், அவர்களின் பிள்ளைகள் பாடசாலை முடிக்கும் வரை நிற்கிறது.

எனக்கு இதில் சொந்தச் சூடு உண்டு. என் அணி உயர்தரம் 1996. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் உயர்தரம் தொடங்கியிருந்தோம். சிலர் அங்கிருந்து கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனார்கள். 1996 ஏப்ரலுக்குப் பிறகு மற்றவர்கள் திரும்பினோம். இருபது வருடம் கழித்து எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கியபோது முதல் மூன்று கிழமையும் ஒரே சண்டை. வன்னியில் பரீட்சை எழுதியவர் எங்கள் பட்சா? பாலம் கடந்த அன்றோடு படிப்பை விட்டவர்? பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் ஆவணம் இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது அலுவலகத்தில் அலுமாரி இருந்தது, பழைய சேர்விடாப்பு (மாணவர் சேர்க்கைப் பதிவேடு) இருக்கவில்லை. அந்தக் குழுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். இன்னும் வரவில்லை.

இரண்டு இடாப்புகள்

இந்த அணியின் விடயத்தில் ஆவணம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை இரண்டு இடாப்புகளை எடுத்து வைத்து எண்ணினேன்.

2014 ஜனவரியில் தரம் 6இல் இரண்டு பிரிவுகளாகச் சேர்ந்தவர்கள் 71 பேர். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை, அதாவது 2023 ஜனவரி 23 முதல் பெப்ரவரி 17 வரை நடந்ததை, எங்கள் பாடசாலையூடாக எழுதியவர்கள் 64 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் ஏழு பேர்தான் குறைந்திருக்கிறார்கள் என்று தோன்றும். பெயர் பெயராக ஒப்பிட்டபோது இரண்டு பட்டியலிலும் இருந்தவர்கள் 33 பேர் மட்டுமே. 38 பேர் போயிருந்தார்கள், 31 பேர் வந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் இடாப்புக் கூப்பிட்டவன். எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

போனவர்களில் ஒன்பது பேர் சாதாரண தரத்துக்கு (தரம் 11 முடிவில் வரும் பரீட்சைக்கு) முன்னரே போனவர்கள். நகரப் பாடசாலைகளுக்கு நால்வர், வெளிநாட்டுக்கு மூவர், தகப்பனின் இடமாற்றத்தோடு ஒருவர். ஒன்பதாமவர் மயிலிட்டிப் பையன். அவருடைய தாய் தகப்பன் 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடியவர்கள்; பிள்ளை நலன்புரி நிலையத்தில் பிறந்து அங்கிருந்துதான் எங்களிடம் வந்தது. 2017 ஜூலையில், இராணுவத்தின் வசம் இருந்த மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அடுத்த வருடம் குடும்பம் சொந்தக் காணிக்குப் போய்க் கொட்டில் போட்டது. பையன் தரம் 10இன் நடுவில் விடுகைப் பத்திரம் வாங்கினார். விலகற் காரணம் என்ற நிரலில் ‘சொந்த இடம் திரும்பல்’ என்று எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில் அந்த நிரலில் அவ்வளவு மகிழ்ச்சியான காரணத்தை நான் வேறு கண்டதில்லை.

மீதி 29 பேர் சாதாரண தரத்துக்குப் பின்னர் போனவர்கள். பன்னிரண்டு பேர் வேறு பாடசாலைகளுக்கு, பெரும்பாலும் கணிதமும் உயிரியலும் படிப்பதற்கு. எங்களிடமும் அந்தப் பிரிவுகள் உண்டு. ஆனாலும் நகரத்தின் பெரிய பெயர்கள் இழுக்கும். அவர்களில் ஒருவர் கிளிநொச்சிக்குப் போனார். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போகிறது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பிள்ளையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்னும் நால்வர் வெளிநாடு. மீதிப் பதின்மூன்று பேர் படிப்பை நிறுத்தியவர்கள். உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும் அவற்றில் 3 பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும். சிலருக்கு அது கிடைக்கவில்லை. சிலருக்குக் கிடைத்தும் வரவில்லை.

வந்தவர்கள் பக்கம் கதை நேரானது. இடைத் தரங்களில் மூவர். மற்ற 28 பேரும் தரம் 12இல், உயர்தரம் இல்லாத அல்லது கலை, வணிகம் மட்டுமே உள்ள சுற்றுவட்டாரப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள். நகரத்துக்குப் போனவர்கள் விட்ட கதிரையில் இவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நூலகத்தில் கேள்வி கேட்ட மாணவியும் அப்படி வந்தவர்தான்.

எப்போது சேர்ந்தார்கள்

கட்டடத்துக்குள் வந்த திகதி இடாப்பில் இருக்கிறது. அணியாகச் சேர்ந்த திகதியை எந்த இடாப்பிலும் தேட முடியாது. மலருக்காக 64 பேரிடமும் ஒரு தாள் கொடுத்து ‘மறக்க முடியாத ஒன்றை மட்டும் எழுதுக’ என்று குழு கேட்டிருந்தது. 51 தாள்கள் திரும்பி வந்தன. அவற்றை என்னிடம் தந்தார்கள், எழுத்துப்பிழை பார்க்க. நான் வேறு ஒன்றையும் பார்த்தேன்.

பழையவர்களின் தாள்கள் தரம் 11ஐத் தாண்டி அதிகம் வரவில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குத் தென்னோலையால் கோட்டை கட்டி முதல் நாள் இரவு மழையில் அது சரிந்தது, வாணி விழாவுக்கு அவல் பிசைந்தது, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாசலில் தாய்மார் நின்று புத்தகப் பையைக் கிளறிப் பார்த்தபோது ஒருவரின் பைக்குள் இருந்து மூன்று நாள் பழைய மீன்பணிஸ் வெளியே வந்தது. இவற்றில் பதினொரு தாள்கள் புகையிரதத்தைப் பற்றியவை. 1990இல் நின்றுபோன பாதை இது. யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஜனவரியில் எங்கள் பக்கமாகக் காங்கேசன்துறை வரை போகத் தொடங்கியது. அப்போது இவர்கள் தரம் 7. முதல் சில கிழமைகள் வண்டி வரும் சத்தம் கேட்டால் வகுப்பே யன்னலுக்குப் போய்விடும். ஆசிரியர்களான நாங்கள் பேசிவிட்டு, பின்னாலிருந்து நாங்களும் எட்டிப் பார்ப்போம். பதினொரு பேரில் ஒருவர் தண்டவாளத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி வைத்ததை எழுதி, நசிந்த அந்தக் குற்றியைத் தாளோடு ஒட்டியும் தந்திருந்தார். மாமரத்து இலை போல நீண்டு, எழுத்து எல்லாம் வழிந்து, ஓரம் கத்தியாக இருந்தது. அதை எப்படி அச்சிடுவது என்று குழு இரண்டு நாள் தலையைச் சொறிந்தது.

புதியவர்களின் தாள்களில் இது எதுவும் இருக்க நியாயமில்லை. எனக்கு வியப்பாக இருந்தது, அவர்களின் தாள்கள் 2020இலும் தொடங்கவில்லை என்பது. சாதாரண தரப் பெறுபேறு 2020 ஏப்ரல் 27 அன்று, நாடு ஊரடங்கில் இருந்தபோது வந்தது. யாழ்ப்பாணமும் அந்த ஊரடங்கின் முதற் கிழமைகளில் அபாய மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. உயர்தர வகுப்பு தொடங்கிச் சில மாதங்களில், ஒக்டோபரில், பாடசாலை மறுபடி மூடப்பட்டது. 2021 ஜனவரியில் திறந்து, ஏப்ரல் கடைசியில் மூடி, தரம் 13 பிள்ளைகள் திரும்பி வந்தது நவம்பரில். இடையில் சூம் வகுப்புகள். டேட்டா தீர்ந்துவிடும் என்று கமெராவை மூடிவிட்டு இருப்பார்கள். நான் நாற்பது கறுப்புப் பெட்டிகளுக்குக் கணக்கீடு படிப்பித்தேன். ஜூலை முதல் ஒக்டோபர் வரை அதுவும் இல்லை. சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியிருந்தோம். நானும் விலகியிருந்தேன். கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த மாதங்கள் யாருடைய கணக்கில் கழிந்தன என்பதும் எனக்குத் தெரியும்.

வகுப்பில் இருந்த காலத்திலும் முகக்கவசம். நான் கண்களை வைத்து இடாப்புக் கூப்பிட்டேன். தரம் 13 குழுப்படத்துக்காக 2022 டிசம்பரில் எல்லோரும் கவசம் இல்லாமல் வரிசையில் நின்றபோது ஒரு பையன் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காட்டி மெதுவாகக் கேட்டார், “சேர், இவர் எங்கள் வகுப்புத்தானா?” இரண்டு வருடமாகப் பின் வாங்கில் இருந்த பிள்ளை.

புதியவர்களின் தாள்கள் தொடங்குவது பொருளாதார நெருக்கடி வந்த 2022இல். மார்ச்சுக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூனில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானது. இந்த இடத்தில் பழையவர் தாளும் புதியவர் தாளும் முதன்முதலாக ஒரே விடயத்தைச் சொல்லத் தொடங்குகின்றன: சைக்கிள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், வானில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சைக்கிளுக்கு இறங்கினார்கள். நானும் இறங்கினேன், முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை. தனியாக மிதித்தால் வெயில் தெரியும் என்பதால் சுன்னாகத்துக்கு அப்பால் இருந்து வருகிறவர்கள் ஒரு சந்தியில் கூடிச் சேர்ந்து வந்தார்கள். ஒருவரின் ரியூப்பில் ஒன்பது ஒட்டு. புது ரியூப் வாங்க வழியில்லாமல், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, காற்று அடிக்கும் பம்பைக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தினமும் கொண்டுவருவது என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைப் பட்டியல் ஒரு கொப்பி மட்டையில் எழுதப்பட்டு வகுப்புச் சுவரில் தொங்கியது. அதில் பழையவர் புதியவர் என்ற பிரிவு இல்லை. யார் வீட்டில் பம்ப் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கேள்வி கேட்ட மாணவி தன் தாளில் எழுதியிருந்தது இது. அவருடைய தகப்பன் கிளிநொச்சியில் அரச உத்தியோகம். எரிபொருள் இல்லாத காலத்தில், 2022 ஜூலையில் ஓடத் தொடங்கிய யாழ் ராணி என்ற புகையிரதத்தில் அவர் வேலைக்குப் போனார். வீட்டில் இருந்த ஒரேயொரு சைக்கிள் மகளுக்கு வந்தது. பெரிய ஆண் சைக்கிள், கால் எட்டாது. சந்தியில் இறங்கவும் ஏறவும் யாராவது பிடிக்க வேண்டும். பிடித்தவர்கள் எல்லோருமே தரம் 6 படத்தில் நிற்கிற பிள்ளைகள். 2015இல் யன்னலால் பார்த்த அதே பாதையில் ஓடிய வண்டி, ஏழு வருடம் கழித்து அவருக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்தது. இதை நான் அவரிடம் சொன்னபோது, “சேர், அது உங்களுக்குத்தான் கதை. எனக்கு முழங்கால் எல்லாம் தழும்பு” என்றார்.

இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும். மின்வெட்டு இரவுகளில் தகப்பன், “நாங்கள் 90களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்” என்று தொடங்குவாராம். பையன் எழுதியிருந்தார்: ‘அப்பாவுக்கு மண்ணெண்ணெயாவது கிடைத்தது.’

பாடங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். எழுதியவர்களும் பெரும்பாலும் ரியூட்டரியில் நடந்ததைத்தான் எழுதியிருந்தார்கள். ஆசிரியராக அது எனக்கு இனிக்கவில்லை. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

ஆக, என் முடிவு இது: இந்த அணி 2014இல் தொடங்கவில்லை, 2020இலும் தொடங்கவில்லை. 2021 நவம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் இடைப்பட்ட காலத்தில், அதிலும் சைக்கிள் மிதித்த மாதங்களில்தான் 64 பேரும் ஓர் அணியானார்கள். அப்படியானால் பட்டியல் 64 பேரோடு முடிய வேண்டும் அல்லவா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

காசும் பக்கமும்

இரண்டு கிழமை கழித்து நடந்த கூட்டத்துக்குச் செயலாளர் அச்சகத்தின் விலைமதிப்போடு வந்தார். ஸ்ரான்லி வீதியில் ஓர் அச்சகம். 150 பிரதிகளுக்கு இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். ஆளுக்கு மூவாயிரம் சேர்த்தாலும் காணாது. அப்போதுதான் கனடாவிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. சாதாரண தரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு போனவர், இருபது வயது, ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பின்னணியில் பெட்டி விழும் சத்தம் கேட்டது. “மிச்சக் காசை நான் தருகிறேன். என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை.” சற்று நேரம் சத்தமில்லை. “போட்டால் நல்லது.”

அறை இரண்டாகப் பிரிந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்களுக்குள் இரண்டு வட்ஸ்அப் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன: சா/த 2019 என்று ஒன்று, உ/த 2022 என்று ஒன்று. பழையவர்கள் 33 பேரும் இரண்டிலும் இருந்தார்கள். போனவர்கள் ஒன்றில், வந்தவர்கள் மற்றதில். பழையவர்களுக்கு அது தொந்தரவாகவே தெரியவில்லை; எல்லாச் செய்தியும் அவர்களுக்கு வந்துவிடும். கனடாக் குரல் முதலாவது குழுவுக்கு வந்தது. புதியவர்கள் கூட்டத்தில்தான் முதன்முதலாக அதைக் கேட்டார்கள்.

கால் எட்டாத சைக்கிள்காரி எழும்பினார். கோபமாகப் பேசவில்லை. “காசு தருகிறவருக்குப் பக்கம் உண்டு. மூன்று வருடம் இருந்த எனக்கு முதல் பக்கத்தில் இடமில்லை. நான் எழுதித் தந்ததைத் திருப்பித் தாருங்கள், வேறு பிரச்சினை இல்லை.”

செயலாளரின் வாதத்தையும் நேர்மையாக எழுத வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவர் அல்லர், களைத்தவர். “எல்லோரையும் போட்டால் எங்கே நிறுத்துவது? தரம் 6இல் ஒரு தவணை இருந்துவிட்டுப் போனவரும் பட்சா? எல்லை இல்லாவிட்டால் அது மலர் இல்லை, தொலைபேசிப் புத்தகம்.” அதற்கு யாரும் நல்ல பதில் சொல்லவில்லை. மூன்று பகுதிகளாகப் போடலாம் என்று நான் சொன்னேன்: முழுக் காலமும் இருந்தவர்கள், இடையில் வந்தவர்கள், இடையில் போனவர்கள். சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு மோசமான யோசனை என்று புரிந்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று புகையிரதப் பெட்டி பிரிப்பது போல. ஒரு பையன், “சேர், எங்களுக்குக் கழிவறைப் பக்கமா?” என்றே கேட்டார்.

வழி அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே இருப்பவரின் பதவிப் பெயர் இப்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். நாங்கள் இன்னும் கிளாக்கர் அக்கா என்றுதான் சொல்கிறோம். விடுகைப் பத்திரம் வாங்க வந்த பிள்ளைகள் இந்தச் சண்டையை அவர் மேசைக்கு முன்னால் நின்று போட்டிருக்கிறார்கள். அவர் சேர்விடாப்பைத் தூக்கி மேசையில் வைத்தார். பச்சைக் கட்டு, ஓரம் உரிந்தது.

“இதில் யாரையாவது வெட்டியிருக்கிறேனா, பாருங்கள்,” என்றார். “ஒருவருக்குச் சேர்விலக்கம் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த இலக்கத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. பிள்ளை போனால் விலகிய திகதியைப் பக்கத்தில் எழுதுவேன். பெயர் அந்த இடத்திலேயே இருக்கும்.”

அவர் சட்டம் சொன்னார். பிள்ளைகள் அதில் ஒரு பட்டியலைக் கண்டார்கள். 2014 தரம் 6 சேர்க்கையில் வந்த 71 பேர், பின்னர் அந்த வகுப்புகளில் சேர்ந்த 31 பேர், மொத்தம் 102 பெயர். ஒழுங்கு சேர்விலக்கப்படி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்ந்த திகதி, விலகிய திகதி. ஒரு தவணை இருந்தவரும் வருவார், ஒன்பது வருடம் இருந்தவரும் வருவார். எவ்வளவு காலம் என்பதைத் திகதியே சொல்லிவிடும். செயலாளர் கேட்ட எல்லையும் கிடைத்தது: அந்தப் பச்சைக் கட்டுப் புத்தகத்துக்கு வெளியே யாரும் இல்லை. விலகற் காரணம் என்ற நிரலை அச்சிடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவை வலியுறுத்தியவன் நான். ஏன் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

அந்த நிரலில் ஒரு வரி என்னுடையது. படிப்பை நிறுத்திய பதின்மூன்று பேரில் ஒருவர், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, 2020இல் உயர்தர வணிகப் பிரிவில் சேர்ந்தவர். ஒக்டோபரில் பாடசாலை மூடப்பட்டு ஜனவரியில் திறந்தபோது அவர் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். இலக்கம் வேலை செய்யவில்லை. வீடு நான்கு கிலோமீற்றர். போகவில்லை. வகுப்பாசிரியர் குறிப்பாக ‘தொடர் வரவின்மை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதுவே இடாப்பில் ஏறியது. தகப்பன் மேசன் வேலை செய்பவர் என்பதும், ஊரடங்கில் வேலை நின்று கடன் ஏறி, பையன் டைல்ஸ் பதிக்கும் ஒருவரோடு கொடிகாமத்துக்குப் போய்விட்டார் என்பதும் இந்த மலர் வேலையின்போதுதான் எனக்குத் தெரியவந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

அச்சில் வந்தது

மலர் டிசம்பரில் வந்தது. முதற் பக்கத்தில் தரம் 6 படம் இல்லை, தரம் 13 படமும் இல்லை. பம்ப் முறைப் பட்டியல் எழுதிய கொப்பி மட்டையின் படம் போட்டிருந்தார்கள். அதை வகுப்புச் சுவரிலிருந்து யாரோ கழற்றி வீட்டில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நசிந்த ஐந்து ரூபாய்க் குற்றியைப் படமெடுத்துப் பின்னட்டையில் போட்டார்கள். அச்சில் அது இலை போலவும் தெரியவில்லை, காசு போலவும் தெரியவில்லை. கனடாக்காரரின் பெயர் அவருடைய சேர்விலக்கத்துக்குரிய இடத்தில், 23ஆவது வரியில், மற்றவர்களின் எழுத்தளவிலேயே இருந்தது. அவர் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்.

எல்லாம் சரியாக வந்ததாகச் சொல்ல முடியாது. நினைவுக் குறிப்புகளுக்கு இடம் போதாததால், விலகிப் போனவர்களின் பக்கம் ஒரு வரியாகச் சுருங்கியது. நகரப் பாடசாலைகளுக்குப் போனவர்களில் ஐந்து பேர் தங்களுக்கு ஏற்கெனவே ஓர் அணி இருக்கிறது என்று மரியாதையாக எழுதினார்கள். பெயர் இருப்பதை மறுக்கவில்லை, ஒன்றுகூடலுக்கு வரவில்லை. மயிலிட்டிப் பையன் பதிலே எழுதவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினார்: விடியற்காலை, துறைமுகத்தில் ஒரு படகின் முன்பக்கம். ஆள் இல்லை. குழு அதை அவர் பெயருக்கு எதிரே முத்திரை அளவில் போட்டது. இரண்டு வட்ஸ்அப் குழுக்களும் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன.

படிப்பை நிறுத்தியவர்களில் நான்கு பேர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். அவர்களின் காரணத்தைக் குழு கேட்கவில்லை. பெயரை எடுத்தால் இலக்கங்களின் ஒழுங்கு உடையும், போட்டால் அவர்கள் சொன்னதை மீறியதாகும். கடைசியில் அந்த நான்கு வரிகளிலும் சேர்விலக்கமும் திகதிகளும் மட்டும் அச்சிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்கள். ஆக, 98 பெயரும் நான்கு இடைவெளியும்.

2024 பெப்ரவரியில் ஒரு மாலை, பாடசாலை விட்ட பிறகு, டைல்ஸ் வேலை செய்பவர் வந்தார். நான்கு பேரில் அவர் ஒருவர். மோட்டார் சைக்கிளை வாசலிலேயே விட்டு நடந்து வந்தார். விரல்களின் ஓரத்தில் சீமெந்து காய்ந்திருந்தது. வகுப்புக்காரர் யாரோ மலரைக் காட்டியிருக்கிறார்கள். “சேர், இன்னும் பெயர் போடலாமா?” என்றார். அச்சு முடிந்து இரண்டு மாதம். நூலகத்துக்கு வைத்த பிரதி இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். 58ஆவது வரியைத் தேடிப் பிடித்து, என் பேனையை வாங்கி, வெற்றிடத்தில் தன் பெயரை நீல மையால் எழுதினார். எழுத்து பரீட்சைத் தாளில் எழுதுவது போல அவ்வளவு ஒழுங்கு. பிறகு பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“இடாப்பில் காரணம் என்று ஒரு நிரல் இருக்கும் அல்லவா சேர்? அது இதில் இல்லைத்தானே?”

“இல்லை,” என்றேன்.

பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, கோப்பாயில் ஒரு வீட்டில் வேலை மிச்சம் இருக்கிறது என்று சொல்லிப் போனார்.